அப்பா பாட்டுக்கு நடுவில் ஒரு கேள்வி

திண்டிவனம் பக்கத்தில் இப்போது அப்பா பாட்டு இல்லாமல் எந்த விசேஷமும் நடப்பதில்லை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாண வரவேற்பு, அறுபதாம் கல்யாணம், கடைசியில் படத்திறப்பு. எல்லாவற்றுக்கும் அதே பாட்டுகள்தான். ஓர் ஆர்கெஸ்ட்ரா சனிக்கிழமை மாலை கல்யாண மண்டபத்தில் பாடிய பாட்டை, மறுநாள் காலை கருமாதிப் பந்தலில் பாடக் கேட்டிருக்கிறேன். வேகத்தைக் கொஞ்சம் குறைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அப்பா இருக்கிறாரா இல்லையா என்பது அந்தப் பாட்டுக்கு ஒரு பொருட்டில்லை.

செய்தியாளனாக இருந்த பழக்கம், வரிகளைக் கவனித்துவிடுகிறேன். பாட்டில் வரும் அப்பாவுக்குத் தோள் உண்டு, பிள்ளை ஏறித் தேர் பார்க்க. விரல் உண்டு, பிடித்து நடக்க. பாதத்தில் பித்தவெடிப்பு கட்டாயம் உண்டு. வாய் மட்டும் கிடையாது. எந்தப் பாட்டிலும் எந்த அப்பாவும் "வேணாம்" என்று சொன்னதில்லை.

என் அண்ணனுக்கு இந்தப் பாட்டுகள் என்றால் உயிர். மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, தண்ணீர் பாய்ச்சும்போது கைப்பேசியில் போட்டுவிட்டு, வரப்பில் உட்கார்ந்து கண் கலங்குவார். எங்கள் அப்பாவோடு கிணற்றுத் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்தவரும் அவர்தான்.

அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு விழுப்புரம். முதல்நாள் மாலை வரவேற்பு திண்டிவனத்தில். அன்று மதியம் மண்டபத்து மாடி அறைக்குப் போனேன். தன் தலையில் பூ வைத்துவிட்டுக்கொண்டிருந்த பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு, அண்ணன் மகள் என்னிடம் சொன்னாள்:

"அடுத்த திங்கக்கெழம வரலன்னா வேற ஆளப் போட்டுக்குவேன்றாரு லேப் ஓனரு."

படித்துவிட்டு விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள். நிச்சயம் ஆனதும் அண்ணன் நிறுத்திவிட்டார்.

"உன் மாமனார் வீடு அங்கேருந்து நடக்கிற தூரம்தானே? போக வேண்டியதுதானே?"

"மாப்ள வூட்ல வேலைக்கெல்லாம் அனுப்ப மாட்டாங்களாம் சித்தப்பா. அப்பா சொல்லிட்டாரு."

"மாப்பிள்ளையைக் கேட்டியா?"

"கேட்டேன். பெரியவங்க பேசி முடிச்சதாச்சேன்றாரு. அவரு ஒரு மாதிரி, எதக் கேட்டாலும் சிரிச்சிக்கினே நிப்பாரு."

நானும் நம்பினேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களைப் பற்றி மனதுக்குள் ஒரு கண்டனத் தலையங்கம்கூட எழுதிவிட்டேன்.

மாலை முதல் பந்தி நடக்கும்போதே அப்பா பாட்டு வந்தது. பளபளக்கும் கோட்டுப் போட்ட பாடகர் அண்ணனை மேடைக்கு அழைத்தார். மகள் பக்கத்தில் நிறுத்தினார்கள். வீடியோக்காரர் கீழேயிருந்து கத்தினார்: "சார், கேமராவப் பாக்காதீங்க, பொண்ணப் பாருங்க. கண்ணாடியக் கழட்டிருங்க, கண்ணு தெரியணும்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பாட்டில் வந்த அப்பா மகளுக்கு இறக்கை கொடுத்தார், வானத்தைக் கொடுத்தார், பறந்து போ என்று சொல்லிவிட்டுத் தரையில் நின்று அண்ணாந்து பார்த்தார். இரண்டாவது சரணத்தில் அண்ணன் அழுதார். நடிப்பு இல்லை, நிஜமாகவே தோள் குலுங்க அழுதார். அவரிடம் எனக்கு இன்றுவரை பிடிபடாத விஷயம் அதுதான்.

பாட்டு முடிந்ததும் பாடகர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "இவ்ளோ செஞ்ச அப்பாகிட்ட இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கலாம்னா, என்னம்மா கேப்பீங்க?"

இதற்குப் பதிலும் வழக்கமானதுதான். அடுத்த ஜென்மத்திலும் உங்களுக்கே மகளாகப் பிறக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். மண்டபம் கைதட்டும். கீபோர்டுக்காரர் அதற்கென்று ஓர் இசைத் துணுக்கு வைத்திருப்பார்.

அண்ணன் மகள் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"நான் லேப் வேலைக்குப் போவணும்ப்பா. அனுப்புவியா?"

கவனிக்காத கீபோர்டுக்காரர் துணுக்கை வாசித்தே விட்டார். சிலர் கைதட்டவும் செய்தார்கள். பிறகுதான் மண்டபம் அடங்கியது.

அண்ணன் கன்னத்தைத் துடைக்காமலே மைக்கை வாங்கினார். "அது... இனிமே என் கையில இன்னாம்மா இருக்குது? உங்க மாமனாரு இன்னா சொல்றாரோ அதான்."

சொல்லிவிட்டுச் சுடுசட்டியை இறக்குவதுபோல மைக்கைக் கீழே நீட்டினார். முன்வரிசை சோபாவில் இருந்த சம்பந்தி அதை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

"இன்னா சம்மந்தி இது? பொண்ணுக்கு வேலைக்குப் போவ இஷ்டமே இல்ல, வூட்டோட இருக்கத்தான் ஆசப்படுதுன்னு நீங்கதான சொன்னீங்க? நாங்க எப்ப வேணான்னு சொன்னோம்?"

பாட்டுக்காக வைத்த எதிரொலியை யாரும் அணைக்கவில்லை. 'சொன்னோம், சொன்னோம்' என்று மண்டபம் முழுக்கக் கேட்டது. பாயசத்துக்குக் காத்திருந்தவர்கள் கையைக் கழுவாமல் எழுந்து வந்து வாசலில் நின்றார்கள். சம்பந்தியம்மாவுக்கு மைக் தேவைப்படவில்லை.

"எனக்கு சக்கர இருக்குது. ரத்தம் எடுக்கத் தெரிஞ்ச மருமவ வந்தா வேணான்னுவனா? நல்லா கேட்டீங்க!"

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே நின்றார்.

அந்த வீட்டில் இவள் விரும்பவில்லை என்றும், இந்த வீட்டில் அவர்கள் விரும்பவில்லை என்றும் சொல்லியிருக்கிறார் என் அண்ணன். இரண்டு பக்கமும் விசாரிக்காமல் செய்தி போடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நான், ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். அவள் மறுபக்கத்தையும் மேடையிலேயே வாங்கிவிட்டாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மகளைப் பார்த்து, "போம்மா... போ," என்றார்.

"பாத்தீங்களா! இதுதாங்க அப்பா!" என்று பாடகர் முழங்கி, பல்லவியை மறுபடி எடுத்தார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

"ஏண்ணே இப்படிச் செஞ்ச?" என்று பந்தியில் கேட்டேன்.

"ரத்தம், மூத்திரம்னு தொடற வேலைடா. அதுக்குப் போனா எடம் தட்டிப் போய்டும்னு பார்த்தேன். நல்லதுக்குத்தான சொன்னேன்?" அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்.

வீடியோக்காரர் தொழில் தெரிந்தவர். சம்பந்தியையும் சம்பந்தியம்மாவையும் வெட்டி எறிந்துவிட்டு, அண்ணனின் கண்ணீரையும் "போம்மா... போ"வையும் ஒட்டி, மேலே பாட்டை ஓடவிட்டு ஒரு வீடியோத் துண்டு தயாரித்தார். அது விக்கிரவாண்டி வரை எல்லா உறவினர் கைப்பேசியிலும் சுற்றியது. இப்படியொரு அப்பா கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள்.

அந்தத் திங்கட்கிழமை அவள் வேலைக்குச் சேர்ந்தாள். சில வாரம் கழித்து, சர்க்கரை பார்க்க அண்ணன், நான் குடியிருக்கும் விழுப்புரத்துக்கு வந்தார். பேருந்து நிலையத்திலிருந்து நான்தான் கூட்டிப் போனேன். பரிசோதனை நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்த உடனே பக்கத்திலிருந்தவருக்கு கைப்பேசியில் அந்த வீடியோத் துண்டைப் போட்டுக் காட்ட ஆரம்பித்தார்.

"பொம்பளப் புள்ள படிச்சிட்டு வூட்ல குந்திக்கினு இருக்கலாமா? நான்தான் போம்மான்னு சொல்லி அனுப்பி வெச்சேன்."

பக்கத்திலிருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையுறையோடு வெளியே வந்த மகள், அண்ணன் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை கதவோரம் நின்று கேட்டாள்.

"சவுண்ட கொறப்பா, பேஷண்ட்டுங்க இருக்காங்க. வெறும் வயித்துலதான வந்துருக்க?"

"ஆமாம்மா. பச்சத் தண்ணி பல்லுல படல."

அவள் என்னைப் பார்த்தாள். "சித்தப்பா?"

"பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ," என்றேன். "ரெண்டு வடை."

"நாளைக்கு வாப்பா," என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.