பொங்கியிருந்த மாவு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் காய் நறுக்கும் நாள். ஒட்டன்சத்திரம் சந்தையில் மொத்தமாக வாங்கி, வாரம் முழுவதற்கும் நறுக்கி, டப்பாக்களில் போட்டு ஃபிரிட்ஜில் அடுக்கிவிடுவேன். வேலைக்குப் போகிறவளுக்கு அதுதான் தோது.

அந்த வாரம், அப்போதுதான் ஆட்டிய மாவையும் புளிக்காமல் இருக்கட்டும் என்று உள்ளே வைத்துவிட்டு, செம்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம்.

இரண்டு நாள் கழித்து, நல்ல வெயிலில் திரும்பினோம். பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் ஃபிரிட்ஜ் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. திறந்தேன். குளிர் முகத்தில் அடித்தது. எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது, மாவைத் தவிர. பொங்கி, மூடியைத் தள்ளிவிட்டு, கம்பித் தட்டு வழியாக ஒழுகி, வெள்ளரிக்காய் டப்பாவின் மேல் காய்ந்திருந்தது.

குளிரில் மாவு பொங்காது. மேலே ஐஸ் தட்டைப் பார்த்தேன். கட்டிகள் கரைந்து, ஒரே பாளமாக மறுபடி உறைந்திருந்தன. நாங்கள் இல்லாதபோது இதற்குள் ஏதோ நடந்து, நடந்ததே தெரியாதபடி மூடிக்கொண்டது போலிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரியிடம் ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"நேத்து காலைல போன கரண்டு, அக்கா. செத்த நேரத்துல வந்துரும்னு பாத்தா, பொழுது சாஞ்சுதான் வந்துச்சு!"

எனக்குப் பின்னால் நறுக்கென்று ஒரு சத்தம். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள், வெள்ளரிக்காய் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். பாதி காலி.

"ஜில்லுன்னு இருக்கும்மா. உனக்கு வேணுமா?"

பிடுங்கி முகர்ந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. அவள் அப்பா சிரித்தார். "கெட்டிருந்தா நாறாதா? நீ ஒருத்தி, எதுக்கெடுத்தாலும் பதறிக்கிட்டு."

அன்று முழுவதும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமில்லை. விளையாடினாள், சிரித்தாள். மறுநாள் விடிந்ததும் வாந்தி. பிறகு வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய், கூப்பிட்டால் திரும்பக்கூட முடியாமல் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வெட்டிய காய் அவ்வளவு நேரம் சூட்டில் கிடந்தால், அப்புறம் குளிர வைத்தாலும் அதில் பெருகிய கிருமி போகாது. நாற்றம் வர வேண்டும் என்றும் இல்லை என்றார் டாக்டர்.

தேறிவிட்டாள். எனக்குத்தான் இன்னும் ஃபிரிட்ஜின் அந்த முனகல் கேட்டால் போய்த் திறந்து பார்க்கத் தோன்றுகிறது. இப்போது காயை அன்றன்றைக்குத்தான் நறுக்குகிறேன். வெளியூர் போகும்போது, புதிதாக ஆட்டிய மாவில் கொஞ்சம் ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, மாவின் மட்டத்துக்கு ஒரு ரப்பர் வளையம் மாட்டி உள்ளே வைத்துவிட்டுப் போகிறேன். திரும்பி வந்ததும், மாவு வளையத்தைத் தாண்டிப் பொங்கியிருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்லும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது.

"என்னம்மா, மாவு என்ன சொல்லுது?" என்று வாசலிலிருந்தே கேலி செய்வாள் மகள். ஆனால் நான் பதில் சொல்லும்வரை அவளும் உள்ளே வருவதில்லை.