நழுவாத கால்

மெடியாவில் மேடு இல்லையென்றால் பள்ளம். சமமான தெரு என்று ஒன்று கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் பிரேக் வேலை தெரிந்தவனுக்கு ரொட்டிக்கு என்ன பஞ்சம்? லார்பிக்கு வீட்டு முற்றமே பட்டறை. வேலை வந்துகொண்டே இருந்தது.

பிரேக் எண்ணெய்க் குழாயில் சிக்கிய காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்து மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறப்பார். காற்றும் எண்ணெயும் நுரைத்துக்கொண்டு வெளியே வரும். திருகை மூடும் முன் காலை எடுத்தால் போச்சு, மறுபடி காற்று ஏறிவிடும். லார்பிக்கு மிதித்தவள் அவன் மனைவி யமினா. வண்டிக்காரர்கள் போன பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்காருவாள். "மிதிச்சிருக்கேன்!" என்பாள். "விடு!" என்பான். அவர்கள் சண்டையில்லாமல் பேசிக்கொண்டதெல்லாம் அநேகமாக அந்த இரண்டு வார்த்தைதான்.

ஒரு நாள் வாடகைக் கார் ஓட்டும் ராபஹின் பழைய பெஜோ கார் வந்தது. எத்தனை முறை காற்று எடுத்தாலும் பிரேக் கெட்டிப்படவில்லை, மிதித்தால் தரைவரை அமுங்கியது. வெயில் வேறு. போதாததற்கு ராபஹ் முன்னதாகவே வந்து வாசலில் நின்று அவசரப்படுத்தினான். லார்பிக்குத் தலைக்கேறிவிட்டது. வெளியாள் காதில் விழ மனைவியின் பெயரைச் சொல்கிற ஆளே இல்லை அவன். "வீட்டுல" என்பதோடு சரி. அன்றைக்கு அதுவும் மறந்துபோயிற்று.

"யமினா! அது காலா, பிசைஞ்ச மாவா? நான் மூடறதுக்குள்ள தூக்கினா காத்து ஏறாம என்ன செய்யும்?"

"நான் தூக்கலைங்க. நீங்க சொன்னப்புறம்தான் விடறேன்."

"எனக்கே பாடம் எடுக்கறியா? இறங்கு கீழே!"

ராபஹ் சிரித்தான். யமினா செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

இருக்கைக்கும் பிரேக்குக்கும் நடுவில் கட்டையை முட்டுக் கொடுத்துத் தனியாகவே செய்து பார்த்தான். அப்போதும் அமுங்கியது. ரப்பரெல்லாம் மாற்றினான். ஊஹூம். கடைசியில் அலுத்துப்போய் சக்கரத்தடியில் மல்லாந்து கிடந்தபோது கண்ணில் பட்டது: முன்சக்கரம் இரண்டிலும் காற்றுத் திருகு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்று எப்போதும் மேலேதானே நிற்கும்? திருகு கீழே இருந்தால் எண்ணெய்தான் வரும், காற்று வராது. சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில்தான் அந்தத் திருகு இருக்கும்; வலது பக்கத்துக் காலிப்பரை இடது பக்கமும் இடதை வலதுமாக மாட்டியிருந்தான். பெட்ரோலில் கழுவி ஒரே துணியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தவனும் அவன், எடுத்து மாட்டியவனும் அவன். அட, கண்ணவிஞ்சவனே!

மாற்றி மாட்டி, கட்டை முட்டிலேயே மறுபடி காற்று எடுத்தான். பிரேக் கல்லாக நின்றது.

"என்னப்பா கோளாறு?" என்றான் ராபஹ்.

அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதை நினைத்து லார்பி பிறகு எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறான். "வீட்டுல மிதிச்சது சரியில்ல. நானே மிதிச்சேன், சரியாப் போச்சு" என்று வாயில் வந்துவிட்டது. வீட்டு வாசல் திரைச்சீலைக்குப் பின்னால் காப்பித் தட்டோடு யமினா நின்றிருந்தாள். தட்டை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் வண்டியில் ஏறவில்லை. சமைத்தாள், துவைத்தாள், பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைத்தாள், பேசவும் பேசினாள். பட்டறைப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. லார்பி ஆட்டுக்கறி வாங்கி வந்தான், புதுச் செருப்பு வாங்கி வந்தான். உண்மையைச் சொல்ல வாயைத்தான் திறக்கவில்லை. ராபஹ் சும்மா இருப்பானா? ஊரில் எது தொளதொளவென்று இருந்தாலும் "லார்பி வீட்டம்மா மிதிச்ச பிரேக்" என்பது வேடிக்கைப் பேச்சாகிவிட்டது.

தாடி நரைத்த பிறகு ராபஹ் அதே பெஜோவைக் கொண்டுவந்தான். முற்றத்தில் இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். லார்பி முட்டுக்கட்டையை எடுத்ததும் ராபஹ் ஆரம்பித்தான்: "கட்டையே மேல்! அது உன் வீட்டம்மா மாதிரி காலைத் தூக்காது!"

எல்லாரும் சிரித்தார்கள். லார்பி கட்டையைக் கீழே போட்டான்.

"வாயை மூடு ராபஹ். அன்னிக்கு காலிப்பரை இடம் மாத்தி மாட்டினது நான். அவ காலு இம்மிகூட அசையல. நான் பொய் சொன்னேன். போங்க, இதையும் ஊரெல்லாம் சொல்லுங்க!"

காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள், ராபஹும் போனான். திரைச்சீலை விலகியது. யமினா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள், செருப்பைக் கழற்றினாள், ஏறி உட்கார்ந்தாள். லார்பி முட்டுக்கட்டையை ஓரமாகத் தள்ளினான். அவசரமாகச் சக்கரத்தடியில் போய்ப் படுத்தான்.

"மிதிச்சிருக்கேன்."

திருகைத் திறந்தான். மூடுவதற்குள் குழாயில் எண்ணெய் பின்னால் இழுத்துக்கொண்டது. மறுபடி செய்தார்கள், மறுபடி இழுத்தது. அவள் முழங்கால் நடுங்குவது திறந்த கதவு வழியே அவனுக்குத் தெரிந்தது.

"திருகு தேஞ்சிருக்கு" என்றான். "என் தப்புதான்."

"பொய் சொல்லாதீங்க." அவள் குரல் உடைந்தது. "இப்பத்தான் நழுவுது. அன்னிக்கு நழுவல."