மீசை வைத்த மீன்

வாலாம்பாளுக்கு மீன் என்றால் கோயில் சுவரில் இருக்கும் மத்ஸ்யாவதாரப் படம்தான். பிறந்தது கிழக்கேகோட்டை அக்ரஹாரம், வாழ்க்கைப்பட்டது அடுத்த தெரு. வாசலில் மீன்காரி கூவினால் ஜன்னலைச் சாத்துகிற குடும்பம். அப்படிப்பட்டவளைத்தான் எங்கள் தெருக்கோடிக் கோயிலில் ரசீது எழுதுவதோடு, குளத்து மீனூட்டையும் கவனிக்கச் சொன்னார்கள். கமிட்டிக்காரர்களின் புத்தியை என்ன சொல்ல!

மீனூட்டு என்றால், நேர்ந்துகொண்டவர்கள் ரசீது வாங்கிக் குளத்து மீனுக்குச் சோறு போடுவது. குளம் நிறையப் பள்ளத்தி மீன். பூவரச இலை மாதிரி தட்டையாக, மஞ்சள் உடம்பில் புள்ளியோடு இருக்கும். கணவர் போய், பெண் ஸ்நேகாவும் கழக்கூட்டத்தில் வேலை கிடைத்து ஹாஸ்டலுக்குப் போனபின், வாலாம்பாள் மனம்விட்டுப் பேசியதெல்லாம் அந்தப் பள்ளத்திகளோடுதான். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கே கொஞ்சம் பொறாமை.

போன வருஷம் ஒரு பக்தர் நேர்ச்சை என்று ஒரு பை நிறைய மீன்குஞ்சு கொண்டுவந்தார். கன்னங்கரேலென்று, வாயோரம் மீசையோடு. வாலாம்பாள் பையைத் தூக்கிப் பார்த்தாள், பிறகு சுவரில் இருக்கும் படத்தைப் பார்த்தாள். அதிலும் மீனுக்கு மீசை. வரைந்தவன் நன்றாக முறுக்கிவிட்டிருந்தான்.

"பகவானுக்கே மீசை இருக்கே, சீதா. நல்ல ஜாதி மீனாக்கும்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே குளத்தில் விட்டாள். நானும் கும்பிட்டேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

மழை ஓய்வதற்குள் அவை முழங்கை நீளம் ஆகிவிட்டன. பள்ளத்திகள் குறைந்துகொண்டே வந்தன. மீன்வளத்துறையில் வேலை பார்க்கும் ரெம்யா மீனூட்டு நடத்த வந்தவள், படியிலேயே நின்றுவிட்டாள்.

"மாமி, இது ஆப்பிரிக்கன் முஷியல்லே! கெளுத்தி! ஆரு விட்டது?"

"மீன்தானே, ரெம்யா?"

"பள்ளத்திய நோக்கு மாமி. தட்டையான ஒடம்பு, நெறைய செதும்பல், அதான் செதில், முதுகுல முள்ளு. இதுக்கு செதும்பலே இல்ல. தல சப்பட்ட, ஒடம்பு நீளம், வழுவழுப்பு. வாயச் சுத்தி எட்டு மீச."

"எட்டா? படத்துல ரெண்டுதானே!" என்றாள் வாலாம்பாள், பாவம்.

"வாயில கொள்ளற எல்லாத்தையும் விழுங்கும். வலை போட்டு எடுக்கணும். இல்லேன்னா ஒரு பள்ளத்திகூட மிஞ்சாது."

வாலாம்பாள் கமிட்டிச் செயலாளர் கைலாஷிடம் ஓடினாள். அந்த மனுஷன் வெற்றிலையை மென்றுகொண்டே, "கோயில் குளத்துல வலை வீசப்படாது மாமி, அது ஆசாரம். போறாததுக்கு ஜனங்கள் மத்ஸ்யமூர்த்தின்னு கும்பிடறா, கேட்டேளா" என்றார். அதுவும் உண்மை. வாயைப் பிளந்து மேலே வரும் அந்தக் கறுப்பு மீன்களைப் பார்க்க ஊரே வந்தது.

ஒருநாள் நடை சாத்தியபின் அவளே குளத்தில் இறங்கினாள். ஜன்மத்தில் மீனைத் தொடாதவள், இரண்டு கையாலும் ஒன்றைப் பிடித்தேவிட்டாள். அது வழுக்கிக்கொண்டு போன போக்கில் பக்கத் துடுப்பு முள்ளால் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ஈரப் புடவையோடு படியில் உட்கார்ந்து, "நானே கொண்டு விட்டேனேடி" என்று அழுதாள். எனக்கு அவள் கையைத் துடைத்துவிடத்தான் முடிந்தது.

அதன்பின் ஒரு யோசனை செய்தாள். கெளுத்திக்கு வயிறு நிறைந்தால் பள்ளத்தியை விட்டுவிடும் என்று, தன் வீட்டுச் சோற்றையும் கொண்டுவந்து கொட்டினாள். அவை தின்று கொழுத்தன, பள்ளத்தியையும் விடவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஆரியசாலையிலிருந்து தங்கபாய் மீனூட்டுக்கு வந்தாள். குளத்தில் வயிறு உப்பிய கெளுத்திகள் மட்டும் புரண்டுகொண்டிருந்தன.

"மாமி, முன்ன மஞ்சளா சின்னச் சின்ன மீனு உண்டும்லா? அதெல்லாம் எங்க?"

வாலாம்பாள் கெளுத்திகளைப் பார்த்தாள்.

"உள்ளேதான் இருக்கு."

"ஆழத்துக்குப் போயிருக்கும்" என்று தங்கபாய் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வாலாம்பாள் பேரும் நட்சத்திரமும் கேட்டு ரசீது எழுதி, சோற்றுக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினாள்.