வெட்டுப்பட்ட கடைசிப் பத்தி

மடிப்புகளில் கிழியத் தொடங்கிவிட்ட அந்த ஞாயிறு இணைப்பின் மேல்பாதி முழுக்க ஒரு படம். ஒரு பெண்ணின் இரண்டு கைகள். ஒன்றில் கிள்ளிய பூவரசங்காய், அதன் மஞ்சள் பால் விரலில் வழிகிறது. மற்றதில் சாம்பல்நிறப் பொடியுள்ள கொட்டாங்குச்சி. கீழே என் பெயர்.

ஆழிப்பேரலைக்கு அடுத்த ஆண்டு அது. அழுகைச் செய்திகள் போதும், வாசகருக்குப் பயன்படுவதாக ஏதாவது கொண்டுவா என்றார்கள் அலுவலகத்தில். மரக்காணம் உப்பளத்தில் நான் அக்கா என்று அழைத்த அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பாத்தியிலிருந்து மேட்டுக்கு உப்புக் கூடை சுமப்பவர். விடியலிலிருந்து உப்புநீரில் நின்ற பாதங்கள் வெளுத்து உப்பியிருந்தன. விரல் இடுக்குகளில் குழிக்குழியாகப் புண். உளுத்த பூவரசக் கட்டையில் முளைக்கும் காளானைக் காயவைத்து இடித்து, காய்ப் பாலில் குழைத்து, வேலை முடிந்ததும் பூசிக்கொள்வார். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பார். "டாக்டரம்மா, ஃபீஸ் நாளைக்குத் தர்றேன்" என்று மற்ற பெண்கள் கேலி செய்வார்கள். படம் எடுக்கும்போது, கைகள் மட்டும் தெரியட்டும், காலைப் புடவைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள் என்றேன். இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "எரிச்சல் அடங்கும் சார். புண்ணு ஆறாது. பூட்ஸ் போட்டாத்தான் ஆறும். அதையும் எழுதிடுங்க."

எழுதினேன். தாவரவியல் பேராசிரியர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டேன். காளானிலும் பூவரசிலும் கிருமியைத் தடுக்கும் பொருள்கள் இருக்கக்கூடும், சோதித்துப் பார்க்காமல் மருந்து என்று சொல்லாதீர்கள் என்றார். முதல் பாதியைக் கட்டுரையின் தொடக்கத்தில் வைத்தேன். இரண்டாம் பாதியையும் அக்கா சொன்னதையும் கடைசிப் பத்தியில் வைத்தேன். இடம் போதாவிட்டால் கீழிருந்துதான் வெட்டுவார்கள் என்பது எங்கள் தொழிலில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அன்று விளம்பரம் ஒன்று கூடுதலாக வந்தது. பத்து வரி குறைக்கச் சொன்னார்கள். வெட்டியவன் நான்தான்.

அந்தப் பருவத்தில் பெண்கள் குத்தகைக்காரரிடம் ரப்பர் பூட்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி மனதாக ஒப்புக்கொண்டிருந்தார். கட்டுரை வந்த பிறகு அதைக் கண்ணாடி போட்டு உப்புக் கொட்டகையில் மாட்டினார். மறுபடி கேட்கப் போனவர்களிடம், "பேப்பர்லயே வந்துட்டுது, ஒங்ககிட்ட இருக்கற மருந்து எந்த டாக்டர்கிட்டயும் இல்லன்னு. அப்புறம் பூட்ஸ் எதுக்கும்மா?" என்றாராம். நான் அப்படி எழுதவில்லை. ஆனால் அப்படிப் படிக்க முடியாதபடியும் எழுதவில்லை.

அடுத்த ஆண்டு வேறு வேலையாகப் போனபோது அக்கா உப்பளத்தில் இல்லை. வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை. புண் உள்ளே போய்விட்டது, எடுக்க வேண்டியதாயிற்று என்றார், கூடை ஓட்டையானதைச் சொல்வதுபோல. இனி சுமை தூக்க முடியாது. வெட்டிய பத்தியைப் பற்றிச் சொன்னேன்.

"நீங்க எழுதினதுல பொய் ஒண்ணும் இல்ல சார். அதான் ஒங்கள திட்டவும் முடியல."

இப்போது என் வீட்டுக் கண்ணாடி மேசையில் மகளின் முகப்பூச்சு இருக்கிறது. காளான் சாறு கலந்தது என்று அட்டையில் பொன்னெழுத்து. வாங்கிய அன்று நல்லதுதானே அப்பா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

அந்தப் பக்கத்தை எடுக்கும்போதெல்லாம் படத்தின் கீழ்விளிம்பில்தான் கண் நிற்கிறது. புடவை அங்கே தரையில் குவிந்து கிடக்கிறது. அதற்குள் பத்து விரல்களும் இருந்தன.