ஆறு மாத மாத்திரை

மகளுக்கு அப்போது ஒன்றே கால் வயது. மூன்று வாரமாக இருமல் நிற்கவில்லை, இரண்டு மாதமாக எடையும் ஏறவில்லை. நாகல் நகரில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்த குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். வாசல் வரை கூட்டம். கூட்டம் இருந்தால் கெட்டிக்காரர் என்று நானும் நம்பிய காலம் அது.

அவர் கைப்பேசியில் பேசியபடியே குழந்தையின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை இரண்டு இடத்தில் ஒற்றி எடுத்தார்.

"பிரைமரி காம்ப்ளெக்ஸ். ஆறு மாசம் மாத்திரை. ஒரு நாள் விடக் கூடாது."

"அப்படின்னா என்ன சார்?"

"சின்னப் புள்ளைகளுக்கு வர்ற டிபிம்மா. அடுத்த ஆள வரச் சொல்லுங்க."

ரத்தம் எடுக்கவில்லை, எக்ஸ்ரே எடுக்கவில்லை. நான் பள்ளி ஆசிரியை. ஒரு கணக்கைத் தப்பு என்று அடிப்பதற்குக்கூட அவரைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

மாத்திரையைப் பொடித்துக் கரைத்து, அவள் அலற அலற வாயில் ஊற்றினோம். அன்றைக்கே ஆரஞ்சு நிறத்தில் சிறுநீர் கழித்தாள். ரத்தமோ என்று பதறி கிளினிக்குக்குப் போன் செய்தேன். "அந்த மாத்திரைக்கு அப்படித்தாங்க்கா போகும். டாக்டர் சொல்லலையா?" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். ஆறு வார்த்தை பேசவே நேரமில்லாதவர் இதையா சொல்லியிருப்பார்?

பன்னிரண்டாம் நாள் வாந்தி நிற்கவில்லை. என் கணவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்னொரு மருத்துவரிடம் கூட்டிப் போனார். அவர் பழைய சீட்டைப் பார்த்ததும் சிரித்தார்.

"டிபியா! இது வெறும் வீசிங். மாத்திரைய நிறுத்துங்க. பால், தயிர், வாழப்பழம் எதுவும் குடுக்கக் கூடாது."

அவர் செய்த ஒரே பரிசோதனை அந்தச் சிரிப்புதான். தயிர்ச்சோற்றையும் வாழைப்பழத்தையும் தவிர வேறெதையும் தொடாத பிள்ளை அவள். மூன்று வாரத்தில் விலா எலும்பு தெரிந்தது.

"ரெண்டு பேருல ஒருத்தன் புளுகுறான். இன்னொருத்தர்ட்ட கேட்டுருவோம்" என்றார் கணவர். ஊருக்கு வெளியே ஒரு பெரிய மருத்துவமனைக்கு மாலை நேரத்தில் சிறப்பு மருத்துவர் வருகிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். அறைக்குள் நுழைந்தால் நாற்காலியில் அதே நாகல் நகர் மருத்துவர்! எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. காட்டிக்கொள்ளாதே என்பதுபோல் கணவர் என் கையை அழுத்தினார். நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒரு டாக்டர் டிபின்னு ஆறு மாச மாத்திரை எழுதுனாரு சார்."

"டெஸ்ட் எடுத்தாரா?"

"இல்ல சார்."

"டெஸ்ட் எடுக்காம எப்படிம்மா சொல்வாரு? யாரு அந்த ஆளு?"

"நீங்கதான் சார்." சீட்டை மேசையில் வைத்தேன்.

அதை எடுத்துப் பார்த்தார். "அப்ப இருந்த கண்டிஷன் வேற" என்று சொல்லிவிட்டு மணியை அழுத்தினார். அந்த முகத்தில் துளி வெட்கம் வந்திருந்தால் பாதியாவது மன்னித்திருப்பேன்.

மறுநாள் அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்றோம். அங்கே இருந்த இளம் பெண் மருத்துவர் மகளின் சட்டையைக் கழற்றி முன்னும் பின்னும் நிதானமாகக் கேட்டார். எக்ஸ்ரே எடுக்க வைத்தார். டிபி இருக்கிறதா என்று பார்க்க முன்கையில் ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொல்லி அந்த இடத்தை அளந்து பார்த்தார்.

"டிபி இல்லம்மா. எடை ஏன் ஏறலைன்னு எனக்கு இன்னும் உறுதியாத் தெரியல. பால், தயிர் எல்லாம் குடுங்க. பதினஞ்சு நாள்ல தூக்கிட்டு வாங்க, பாப்போம்."

தெரியவில்லை என்று சொல்ல ஒருத்தருக்காவது தெரிந்திருந்தது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை போனோம். இருமல் ஒரு மாதத்தில் அடங்கியது, எடை மெல்ல மெல்ல ஏறியது. இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு அந்த நாகல் நகர் மருத்துவர்தான் சிறப்பு விருந்தினர். குழந்தை நலம் பற்றிப் பேசுவாராம். தலைமையாசிரியர் என்னை வரவேற்புரை எழுதச் சொன்னார். முடியாது என்றேன், காரணத்தையும் சொன்னேன்.

"அதெல்லாம் பழைய கதை, விடுங்க டீச்சர். மேடையில நாலு நல்ல வார்த்தை சொன்னா என்ன?" என்றார்.

என்னிடம் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை இல்லை. வேறொருவர் எழுதிக் கொடுத்தார்.