கதிரையில் இருந்து வண்டி ஓட்டுபவர்

ரீவியில் ஒரு வளைவு வந்தால் சிவராசா அண்ணையின் வலது கால் நிலத்தில் பிறேக்கைத் தேடும். இடது கால் கிளச்சை மிதிக்கும். கை மட்டும் சும்மா இருக்குமா? பக்கத்தில் இருப்பவரின் முழங்கால்தான் கியர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவர் வீட்டுக்குச் சண்டைப்படம் பார்க்கப் போய், இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு நான் எத்தனை தரம் மாறியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

தர்மபுரத்தில் வாடகை வான் என்றால் அவர்தான். முப்பத்தொரு வருட ஓட்டம். யுத்தகாலத் தடையால் பெற்றோலைக் கண்ணாலும் காண முடியாத நாட்களில் மண்ணெண்ணெயில் வான் ஓட்டியவர். நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அது இருமுகிறதா விக்குகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர். அந்தப் பெருமை இன்னும் குறையவில்லை. “மாஸ்டர், மண்ணெண்ணெயிலை ஓடினவனுக்குக் காதுதான் மீற்றர். கண் எல்லாம் சும்மா சோடினைக்கு” என்பார்.

அவர் படம் பார்ப்பதும் காதால்தான். இருபது பேர் சுடுபட்டு விழுந்தாலும் கொட்டாவி விடுவார். எஞ்சின் கொஞ்சம் முனகினால் துள்ளி எழும்புவார். “உந்த ஏத்தத்துக்கு மூண்டாம் கியரோ, மோட்டு மோடா! அது அழுறது உனக்குக் கேக்கேல்லையே?” கதாநாயகன் பதில் சொல்வதில்லை. அதனால் அண்ணை எப்போதும் வென்றுவிடுவார்.

போன ஞாயிறு டிவிடியில் போட்ட படத்தில் ஒரு கலியாணச் சமையற்காரியும், கூலிக்குக் கொலை செய்கிறவன் ஒருவனும் ஒரே ஐஸ்கிரீம் வண்டியில் பாலைவனம் கடக்கிறார்கள். அவள் வாயை மூடமாட்டாள், அவன் வாயைத் திறக்கமாட்டான். பின்னால் நாலு கறுப்புக் கார்களில் துப்பாக்கிக்காரர். எந்த நாட்டுப் படமோ தெரியாது, தமிழில் பேசவைத்திருந்தார்கள். அண்ணையின் மனைவி தங்கம்மா அக்கா கடலை வறுத்துக்கொண்டு வந்து வைத்துவிட்டு, “பாவம் அந்த மனுசி. உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு பக்கத்திலை இருக்குது. நானும் உப்பிடித்தான் முப்பது வருசமா” என்றார். அண்ணைக்கு அது கேட்கவில்லை. எஞ்சினின் சத்தத்தைத் தவிர வேறு சத்தங்களுக்கு அவர் காது அவ்வளவாக இடம் கொடுப்பதில்லை.

அவர் கண்ணில் வெள்ளை படர்ந்து ஒரு வருடத்துக்கு மேல். வீட்டுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியாது. கதிரை மாதத்துக்கு ஒரு முழமாக ரீவியை நோக்கி நகர்ந்தது. முதலில் அன்ரனாவைக் குறை சொன்னார், பிறகு டிஷ்ஷைக் குறை சொன்னார், கடைசியில் ரீவியையே மாற்றினார். தை மாதம் வானின் இடது பக்கம் மதகுக் கட்டில் உரசியபோது, “மதகைக் கட்டினவன் றோட்டுக்கை கொண்டுவந்து கட்டியிருக்கிறான்” என்றார். குடியேற்றத் திட்டக் காலத்திலிருந்து அதே இடத்தில் நிற்கிற மதகு அது.

மகள் யதுர்ஷிகா கண் கிளினிக்குக்கு மூன்று தரம் நாள் எடுத்துக் கொடுத்தாள். மூன்று நாளும் அவருக்கு அவசரமாக ஓட்டம் வந்துவிட்டது. “கண்ணாடி போட்ட ட்றைவரை நம்பி ஆர் பிள்ளையளை ஏத்திவிடுவினம்?” என்பது அவரது கேள்வி. அவளுக்கு லைசென்ஸ் இருக்கிறது. வேலை செய்யும் சங்கத்தின் பிக்கப்பைப் பூநகரி வரை தனியே கொண்டுபோய் வருகிறாள். ஆனால் அப்பாவின் வானைக் கழுவ மட்டும்தான் அவளுக்கு உரிமை. “அது ஆள் பழகின வான், பிள்ளை. அந்நியக் கைக்கு முரண்டுபிடிக்கும்.” மகளின் கை அந்நியக் கையானது எப்போது என்று அவள் கேட்டதில்லை.

அந்தப் போன ஞாயிறு, படம் முடிய, நாலு மணிக்கு அந்த வான் வவுனியாவுக்குப் புறப்பட வேண்டும். அடுத்த நாள் தங்கம்மா அக்காவின் தங்கை மகளுக்குக் கலியாணம். பதினொரு பேர். அதில் நானும் ஒருவன் என்பதால், இந்தச் சித்திரத்தை நடுநிலையோடு எழுதுகிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பொழுதுபடுகிற நேரம் வன்னி வீதிகளில் மாடுகள் தார்ச்சூட்டுக்குப் படுத்திருக்கும். அவை ஹோர்னுக்கும் எழும்பாதவை, சத்தமும் போடாதவை. காலையிலிருந்து எனக்கு அந்த மாடுகளின் நினைவாகவே இருந்தது.

படத்தில் ஐஸ்கிரீம் வண்டி ஒரு மலைப்பாதையால் பறந்து இறங்கியது. அண்ணை என் முழங்காலை நாலாம் கியருக்குத் தள்ளினார். “றோட்டு வெறிச்செண்டு கிடக்கு. அக்சிலேற்றரை அமத்தடா! அமத்து!”

வீதியை மறித்துக்கொண்டு ஐம்பது அறுபது ஆடுகள் நின்றன. தமிழில் பேசவைத்தவர்கள் மனிதருக்குக் குரல் கொடுத்துக் களைத்துப்போய் ஆடுகளை விட்டுவிட்டார்கள் போலும். ஒன்றும் கத்தவில்லை. திரை முழுக்க ஆடு. அண்ணை இன்னும் “அமத்து, அமத்து” என்றுகொண்டிருந்தார்.

வண்டி கிறீச்சிட்டு நின்றது.

“ஏன் விசரன் பிறேக் அடிச்சவன்?”

றிமோட்டோடு இருந்த யதுர்ஷிகாதான் மெல்லச் சொன்னாள். “அப்பா, ஆடு.”

“எங்கை?”

கேட்டுவிட்டார். திரும்ப எடுக்க முடியாத சொல். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், அல்லது பார்ப்பதுபோல் திரும்பினார். “பின்னுக்கு விடு” என்றார். விட்டாள். எழும்பிப்போய்த் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றார். இன்னொரு தரம் விடச் சொன்னார். மூன்றாம் தரம் தலையை ஆட்டிக்கொண்டு வந்து இருந்தார். “ஓம் ஓம், கண்டனான். வெள்ளை ஆடு. முதலே கண்டனான், கதையிலை விட்டிட்டன்.”

அவ்வளவும் கறுப்பு ஆடுகள்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பயம் வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. ஊர்ப் பிள்ளைகளின் பிழையெல்லாம் சிவப்பு மையில் சுழிக்கிற வாத்தியார் நான். இந்த மனிதரின் பக்கத்தில் ஒரு வருடமாகக் கியராக இருந்திருக்கிறேனே தவிர ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றும் என் வாயில் கடலைதான் இருந்தது.

சொன்னவர் தங்கம்மா அக்கா. “இஞ்சேருங்கோ, அதுகள் கறுப்பு. பதினொரு சீவன் ஏறப்போகுது. அதிலை ரெண்டு கைக்குழந்தை.”

படம் ஓடியது. சமையற்காரி தாச்சிச் சட்டியால் நாலு பேரை அடித்து விழுத்தினாள், கொலைகாரன் முதன்முறையாகச் சிரித்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. கார் ஒன்று பள்ளத்தில் உருண்டபோதும் அண்ணையின் கால்கள் அசையாமல் கிடந்தன. எழுத்து ஓடி முடியமுன்னம் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

நாலு மணிக்குச் சனம் வளவுக்குள் கூடியது. பைகள், பலகாரப் பெட்டி, கைக்குழந்தைகள் இரண்டு. அண்ணை வெள்ளைச் சேட்டும் விபூதியுமாக வந்தார். வழக்கம்போல வானை ஒருதரம் சுற்றி வந்து நாலு ரயரையும் காலால் தட்டிப் பார்த்தார். யதுர்ஷிகா பின்கதவடியில் பைகளை அடுக்கிக்கொண்டு நின்றாள். தகப்பனை நிமிர்ந்து பார்க்கவில்லை. தங்கம்மா அக்கா வழி மறிப்பவர்போல ட்றைவர் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். அண்ணை அவரைத் தாண்டி, வானின் மூக்கைக் கையால் தடவிக்கொண்டே மறுபக்கம் போனார். முப்பத்தொரு வருடத்தில் ஒருநாளும் தனக்காகத் திறக்காத இடப்பக்கக் கதவைத் திறந்தார். பிடி எங்கே என்று கொஞ்சம் தடவ வேண்டியிருந்தது. ஏறி இருந்து, சீற் பெல்ற்றை இழுத்துக் கொழுவிக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.