காப்புக் கட்டிய வாரத்துக் கருவாடு

பெண்கள் கூடை தூக்கி வரும் நடையைப் பார்த்தே யாருக்கு நெத்திலி, யாருக்கு வாளை என்று சொல்லிவிடுவார் கருவாட்டுக் கடை கிபாயத்துல்லா. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு எந்தக் கருவாடு பிடிக்கும் என்பதுகூட அவருக்குத் தெரியும். சரி, பிள்ளை விஷயம் நான் சேர்த்தது. நடை விஷயத்திலும் பாதியைத் தள்ளிவிடுங்கள். மீதி நிஜம்: நடவு வாரத்தில் எத்தனை மூட்டை போகும், அறுப்பில் எத்தனை என்று வயலைப் பார்த்தே கணித்துவிடுவார். கடையில் சரக்கு மிஞ்சியதே இல்லை.

கடை திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில். அவர் வந்த மூன்று வருஷமும் மழை போதவில்லை, அதனால் மாரியம்மன் திருவிழாவும் இல்லை. 1957இல் மழை கொட்டியது. திருவிழா உண்டு என்று ஊரில் பேச்சு வந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வீடு விருந்தாளி வருமே! ஜெகதாப்பட்டினத்தில் இருந்து சரக்கு அனுப்பும் மாமனார் முகம்மது சுல்தானுக்குக் கடுதாசி போட்டார்: "வாரம் அஞ்சு மூட்டை பத்தாது மாமா, பதினஞ்சு அனுப்புங்க."

பதினைந்து மூட்டையும் வந்து இறங்கின. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "சரக்கு தேங்கினா கடையை மூடிட்டு இங்கிட்டு மீனுக்கு உப்புப் போட வந்துடுங்க மாப்பிள்ளை."

சந்தையன்று பெண்கள் கத்தரிக்காய் வாங்கினார்கள், முருங்கைக்காய் வாங்கினார்கள். கருவாட்டுப் பக்கம் ஒருத்தியும் திரும்பவில்லை. வாடிக்கைக்காரி மருதாயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள்.

"ஏத்தா மருதாயி, பாக்காமலே போறியே?"

"ஊருல காப்புக் கட்டியிருக்குல்ல பாய்! எட்டு நாளைக்குக் கவுச்சி ஆகாது. ஒம்பதாம் நாளு கெடா வெட்டு. அப்புறம் கறி, உப்புக்கண்டம். ஒங்க கருவாட்டை யாரு தேடுவா?"

கிபாயத்துல்லா தலையில் அடித்துக்கொண்டார். விருந்தாளிகளை எண்ணியவர் விரதத்தை எண்ணவில்லை. போதாததற்குத் தூறல் வேறு. மூட்டைகள் ஈரம் கோத்து நாறின. 'நிறுத்துங்க' என்று எழுதிய கடுதாசி போய்ச் சேர்வதற்குள் அடுத்த பதினைந்து மூட்டையோடு லாரி வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து மாமனார் இறங்கினார்.

"என்ன மாப்பிள்ளை, பழசே அப்படியே கெடக்கு?"

"என் தப்பில்லை மாமா. காப்புக் கட்டப் போறாங்கன்னு ஒரு ஈ காக்காகூட எங்கிட்டச் சொல்லலை. வெளியூர்க்காரன் எனக்கு எப்படித் தெரியும்?"

மாமனார் முகம் இளகியது. "அதுவும் நியாயந்தான். சொன்னாத்தானே தெரியும்? போகட்டும், கடை இருக்கட்டும்."

உள்ளேயிருந்து மாமனாரின் மகள் நசீராவின் குரல் வந்தது.

"யாரு அத்தா சொல்லலை? தமுக்குக்காரன் நம்ம கடை வாசல்லதான் நின்னு மூணு தடவை அடிச்சுச் சொன்னான். 'போய்யா அங்கிட்டு, மூட்டை எண்ணுறது தப்புது'ன்னு இவுகதான் அவனை வெரட்டிவிட்டாக."